ஒரு வார்த்தை மாத்தாம

மீன் தொட்டியில் ஒட்டியிருக்கிற தெர்மாமீட்டர் இருபத்தெட்டு காட்டுகிறது. காட்டிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. ஆனாலும் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறது, தொழில் புத்தி, எங்கே போனாலும் விடாது. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒட்டின பட்டை அது. அது சொல்வது பாதி தண்ணீரின் சூடு, பாதி இந்த ஏசி அறையின் சூடு, எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, உள்ளே சுற்றுகிற அந்த ஆரஞ்சு மீனுக்கு வேகுதா குளிருதா என்று பட்டைக்கு என்ன தெரியும். டேய் தண்டபாணி, உன் மகள் உள்ளே இருக்கிறாள், நீ மீனுக்குச் சூடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், நீயெல்லாம் ஒரு மனுசன். ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டின கதவு, அதற்குப் பின்னால் மிது. பிள்ளைகளுக்கு மனநலம் பார்க்கிற மெஹருன்னிசா டாக்டர் வந்து, "ரெண்டு பேரும் இங்கயே உக்காந்திருங்க, பாப்பாகூட நான் மட்டும் கொஞ்ச நேரம் விளையாடிட்டு வர்றேன்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். போகும்போது மிது திரும்பிப் பார்த்தாள். என்னை இல்லை, அவள் அம்மாவை. கதவு சாத்துகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஹேமாவையே பார்த்துக்கொண்டு போனாள். ஏழு வயசுப் பிள்ளை. ஒரு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையில் ஏதாவது இருக்குமோ என்று முதலில் தொண்டை டாக்டரிடம் போனோம், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நல்லா இருக்குதுங்க என்றார். நல்லா இருக்கிறதாம். எழுந்திருக்கிறாள், பல் விளக்குகிறாள், இட்லி தின்கிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குகிறாளாம், ஜெசிந்தா மிஸ் போன் செய்து சொன்னார். அவள் குரல் எப்படி இருக்கும் என்று நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன், சரியாக நினைவுக்கு வரவில்லை, பயந்தே போய்விட்டேன். போனில் பழைய வீடியோ இருக்கிறது, போட்டால் கேட்கலாம், ஆனால் போடவில்லை. செத்தவர்களின் வீடியோவைத்தான் அப்படிப் போட்டுப் பார்ப்பார்கள்.

மூன்று இரும்பு நாற்காலிகள், ஒரே கம்பியில் கோத்தவை. இந்தக் கடைசியில் நான், அந்தக் கடைசியில் ஹேமா, நடுவில் மிதுவின் பையும் தண்ணீர் பாட்டிலும். யாரும் சொல்லி இப்படி உட்காரவில்லை, வந்ததும் கால் தானாகப் போய் அந்தந்த இடத்தில் நின்றது. வீட்டு சோபாவிலும் இப்படித்தான், சாப்பாட்டு மேஜையிலும் இப்படித்தான், நடுவில் மிது. இரண்டு பக்கம் இரண்டு சூழல், இரண்டுக்கும் வேறு வேறு சூடு, நடுவில் ஒரு சின்னப் பொருள், இரண்டையும் தொட்டுக்கொண்டு. போர்டில் எத்தனை தடவை இந்தப் படத்தை வரைந்திருப்பேன், பிள்ளைகளுக்கு எவ்வளவு குஷியாகச் சொல்லிக்கொடுத்திருப்பேன். அந்தச் சின்னப் பொருள் எந்தப் பக்கத்துச் சூட்டுக்கும் போய் அடங்க முடியாது, இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதற்கு ஓய்வே கிடையாது என்று. பரீட்சையில் கேட்டால் எழுதுங்கப்பா என்று. என்ன வேலை பார்க்கறீங்க என்று யாராவது கேட்டால் காலேஜ் வாத்தியார் என்று சொல்லி முடித்துவிடுவேன், உண்மையைச் சொன்னால் விளக்க வேண்டும், விளக்கினால் சிரிப்பார்கள். ஹேமாவின் அண்ணன் கனகராஜ் ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டார். ஒரு துளி அளவே இருக்கிற பொருளுக்குச் சூடு பார்க்கணும்னா சாதாரண தெர்மாமீட்டரை வைக்க முடியாது மச்சான், தெர்மாமீட்டரே அதன் சூட்டைக் குடித்துவிடும், நாம அளக்கறது நம்ம தெர்மாமீட்டரைத்தான் என்று ஆகிவிடும், அதனால் அந்தப் பொருளைவிடச் சின்னதாக ஒன்று வேணும், வைரத்துக்குள்ளே ஒரே ஒரு அணு விட்டுப்போன ஓட்டை, அதற்குள்ளே இருக்கிற எலக்ட்ரான், அதை உள்ளே விட்டு என்ன ஆகிறது என்று பார்க்கிறோம் என்றேன். "ஏனுங்க மாப்ள, சூடு பாக்கறதுக்கு வைரமா? எங்கூட்டுல நெத்தில கைய வெச்சுப் பாத்தே சொல்லிப்போடுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஹேமாதான் அதிகமாகச் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய. அப்போது அவள் இரண்டாவது தடவை முழுகாமல் இருந்தாள், சிரித்தால் வயிறு குலுங்கும், குலுங்குகிற வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். நான் அவருக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த எலக்ட்ரானை உள்ளே விடும்போது அது ஒரு நிலையில் இருக்கும், மிக நாசூக்கான நிலை, மூச்சுப் பட்டாலே கலைந்துவிடும். சூழலின் சூடு அதை அடித்து அடித்துக் கலைக்கும். எவ்வளவு சீக்கிரம் கலைகிறது என்று பார்த்துத்தான் சூடு எவ்வளவு என்று சொல்கிறோம். அது கெட்டுப்போவதுதான் எங்களுக்குத் தகவல். கெடாமல் முழுசாக வெளியே வந்தால் நாங்கள் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். ரொம்ப நேரம் உள்ளே விட்டுவிட்டாலோ அது தன் நினைப்பே இல்லாமல் போய்ச் சூழலோடு சூழலாகக் கரைந்துவிடும். அதனால் எப்போது வெளியே எடுப்பது என்பதுதான் எங்கள் வித்தையே. அதில் நான் பெரிய கில்லாடி என்று பெயர்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஹேமா வீட்டுக்கு வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஏழாம் மாதம். ஆண் பிள்ளை. வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுபோய், மருந்து கொடுத்து வெளியே எடுத்தார்கள். அவள் மயக்கத்தில் இருந்தாள், பார்க்கவில்லை. நான் பார்த்தேன். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள், எடையே இல்லை, மூக்கு அப்படியே ஹேமாவின் மூக்கு. கனகராஜ் மச்சானும் நானும் போய் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம், செருப்பில் ஒட்டின செம்மண்ணை வாசலில் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன், ஹேமா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று. அவள் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். படுத்தவள் படுத்தவள்தான். துடிப்பு நிற்பதற்கு முந்தின வாரம் தாராபுரத்தில் ஒரு கல்யாணம், வேண்டாமென்று சொன்னவளை நான்தான் வா போலாம் என்று காரில் கூட்டிப்போனேன், ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. அதனால் ஒன்றுமில்லைங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார், எனக்கும் தெரியும், ஆனால் ஹேமாவுக்குத் தெரியுமா? கேட்கலாம். அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து கேட்கலாம். என்ன கேட்பது, எப்படி இருக்கே என்றா? கேட்டால் அழுவாள், கேட்பதே அவளைக் கிளறிவிடும். லேபில் லேசர் வெளிச்சம் கூடிப்போனால் அதுவே பொருளைச் சுட்டுவிடும், சூடு என்னவென்று பார்க்கப் போய் நாமே சூடாக்கிவிடுவோம், அதனால் தொடாதே, நேராகத் தொடாதே, சின்னதாக ஒன்றை அனுப்பு. நான் அப்படி யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய், அப்படியெல்லாம் யாரும் யோசிப்பதில்லை, உடம்பில் ஊறிப்போன பழக்கம். அறை வாசலில் நின்றேன், உள்ளே போகாமல் திரும்பினேன், கூடத்தில் மிது படம் வரைந்துகொண்டிருந்தாள். "அம்மிணி, அம்மா தூங்கறாளான்னு போய்ப் பாத்துட்டு வா." எழுந்து ஓடினாள். பூனை மாதிரி போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "முழிச்சுட்டுதான் இருக்காங்கப்பா, செவுத்தப் பாத்துட்டு இருக்காங்க" என்றாள். அதுதான் முதல் அளவு. அப்பாடா என்று இருந்தது. ஏன் அப்பாடா என்று இருந்தது? இவ்வளவு சுலபமா என்று இருந்திருக்கும். அப்புறம் தினமும். அம்மா சாப்பிட்டாளா பாரு, அம்மா அழறாளா பாரு, கதவு தெறந்திருக்குதா பாரு. ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்தும் வர ஆரம்பித்தது. "அம்மா சொன்னாங்க, கேஸ் தீந்துபோச்சாம்." "அம்மா சொன்னாங்க, கரண்டு பில்லு கட்டணுமாம்." நானும் பதில் சொல்லி அனுப்பினேன். நாங்கள் சண்டை போடவில்லை. ஒரு நாள்கூட ஒரு சொல் தடித்துப் பேசவில்லை. அதைத்தான் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன், எங்க வீட்ல சத்தமே இருக்காதுங்க என்று. வெட்கங்கெட்டவன்.

அப்புறம் வந்த சேதிகள் மாற ஆரம்பித்தன. எப்போது என்று கவனிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் லேபிலிருந்து தலைவலியோடு வந்து உட்கார்ந்தேன், மிது வந்து முழங்காலில் சாய்ந்துகொண்டு, "அம்மா கேட்டாங்க, தலவலி போயிருச்சான்னு" என்றாள். நான் தலைவலி என்று யாரிடமும் சொல்லவில்லை. ஹேமா கவனித்திருக்கிறாள், நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்து, அட கடவுளே, அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன். "அம்மா உங்களுக்குப் புடிச்ச கத்திரிக்கா வதக்கியிருக்காங்களாம்." "அம்மா சொன்னாங்க, இந்தச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்குதாம்." நான் மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டு வந்தேன், ஏறுகிறது, மெல்ல மெல்ல ஏறுகிறது, அவசரப்படாதே தண்டபாணி, கையை வைத்துக் கெடுத்துவிடாதே, இன்னும் கொஞ்ச நாள், அதுவாகச் சரியாகும். ஒருநாள் ராத்திரி தூங்கப் போகும்போது என் காதருகில் வந்து, "அப்பா, அம்மா சொன்னாங்க, தம்பி செத்துப்போனது அப்பா தப்பு இல்லயாம்" என்றாள். அவள் போன பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த ஒரு சேதியை வைத்துக்கொண்டுதான் அதன் பிறகு நான் எழுந்தேன், குளித்தேன், வகுப்பெடுத்தேன், ரோட்டில் லாரி பக்கத்தில் வரும்போது ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். இதையெல்லாம் ஹேமாவிடம் சொல்லியிருக்கிறேனா? இல்லை. தேங்க்ஸ் சொன்னேன் என்று சொல்லு அம்மிணி என்று மிதுவிடம் சொல்லி அனுப்பினேன். தேங்க்ஸ். கருமம்.

"பாப்பாவுக்கு வயசு என்னங்க?" ரிசப்ஷன் பெண் கேட்கிறது. நான் ஹேமா சொல்வாள் என்று இருக்கிறேன், ஹேமா நான் சொல்வேன் என்று இருக்கிறாள், அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறது, பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஏழு என்கிறோம். ஹேமாவின் குரல் கரகரப்பாக இருக்கிறது. என் பக்கம் திரும்பி ஒரு சொல் அவள் சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று. போன வாரம் முதல் தடவை இங்கே வந்தபோது டாக்டர் கேட்டார், "வீட்ல யாரு நெறய பேசுவாங்க?" நாங்கள் இரண்டு பேரும் திரும்பி மிதுவைப் பார்த்தோம். டாக்டர் அதைப் பார்த்தார், சும்மா தலையாட்டினார், எனக்கு முதுகு கூசியது. மிது பேசுவதை நிறுத்தின நாளை யோசித்துப் பாருங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சு, ஏதாவது பயந்தாளா, யாராவது அடிச்சாங்களா என்றார். ஒன்றுமில்லையே. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருந்தோம். காலையில் தோசை. டிவியில் ஏதோ கார்ட்டூன். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது, சேதிகள் எல்லாம் நல்லவிதமாக வந்துகொண்டிருந்ததால் வந்த தைரியம். நேராகவே கேட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன், நேராக என்றால் மிது வழியாக நேராக, என்ன லட்சணம் பாருங்கள். "அம்மிணி, அம்மாகிட்டப் போயி, அப்பா மேல இன்னும் கோவமா இருக்கீங்களான்னு அப்பா கேக்கச் சொன்னாருன்னு கேளு. அம்மா என்ன சொல்றாளோ அத அப்பிடியே வந்து சொல்லு, ஒரு வார்த்தை மாத்தாம சொல்லணும் சாமி." போனாள். ரொம்ப நேரம் கழித்து வந்தாள். அறை வாசலில் நின்றாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. என்ன சொன்னாங்க என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். போய் விளையாடு என்றேன், ஹேமா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், சரி போகட்டும் என்று. அப்புறம் டிவி பார்த்தேன். அன்றையிலிருந்துதான், இப்போது யோசித்தால் அன்றையிலிருந்துதான். அன்றையிலிருந்துதான் ஹேமா குளிக்கப் போனால் பாத்ரூம் கதவுக்கு வெளியே மிது சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். ஸ்கூல் வேனில் ஏற மாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொள்கிறாள், திரும்பி வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்கு ஓடுகிறாள். அம்மா மேல பாசம், தம்பி போனதால இருக்கிற ஒரே புள்ளை, ஒட்டிக்கிறா என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, கனகராஜ் மச்சானிடம் போனில் சொல்லிச் சிரித்தேன்.

ஹேமா தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகுகிறாள். ஒரு மடக்குக் குடிக்கிறாள். பிறகு நடு நாற்காலியைப் பார்த்து, "அப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்கிறாள். நாற்காலியில் பைதான் இருக்கிறது. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிகிறது. பாட்டில் பிடித்த கை அப்படியே நிற்கிறது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ரிசப்ஷன் பெண்ணுக்குக் கேட்டிருக்குமோ, கேட்டிருந்தால் என்ன நினைத்திருக்கும், கிறுக்குப் பிடித்தவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கும், சரியாகத்தான் நினைத்திருக்கும். நான் கையை நீட்டுகிறேன். அவள் பாட்டிலைப் பையின் மேல் வைக்கிறாள், நான் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. "ஏனுங்க" என்கிறாள். என்னையா? என்னைத்தான். முகம் என் பக்கம் திரும்பியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருத்துப்போயிருக்கிறதே, இது எப்போதிலிருந்து. "கேக்கணும்னே இருந்தேன். நீங்க சொல்லி வுட்டீங்களே, தம்பிக்குப் பேரு. அது எப்பிடி உங்களுக்குத் தோணுச்சு?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன பேர் என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளை, கேட்கவில்லை. "மிது வந்து சொன்னா. தம்பிக்கு அப்பா விதுன்னு பேரு வெச்சிருக்காருமா, மனசுக்குள்ளயே கூப்பிட்டுட்டு இருக்காரும்மான்னு. நான் உங்கள என்னென்னமோ நெனச்சுட்டு இருந்தேன். கல்லு மாதிரி இருக்கறாரே, ஒரு சொட்டுத் தண்ணி விட்டாரா அந்தப் புள்ளைக்குன்னு. அந்தப் பேரக் கேட்டப்புறந்தான் எந்திரிச்சுத் தல சீவுனேன். நெதமும் வெளக்கு வெக்கறப்ப அந்தப் பேரச் சொல்லித்தான் வெக்கறேன்."

விது. நான் வைக்கவில்லை. என் மனசில் அவனுக்குப் பேரே இல்லை, துணியும் மூக்கும்தான். தம்பிக்குப் பேர் என்னப்பா என்று மிது ஒருநாள் கேட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டே, பேரெல்லாம் வெக்கல கண்ணு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மிதுவுக்குத் தம்பி விது. பெரியவர்கள் யாராவது இப்படிப் பேர் வைப்பார்களா, ஜாதகம் பார்த்து, எழுத்துப் பார்த்து, நீளமாக ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள், பிள்ளைகள்தான் தன் பேரோடு சேர்த்துப் பொம்மைக்குப் பேர் வைக்கிற மாதிரி வைக்கும். அப்படியானால் அவள். அப்படியானால் தலைவலி போயிருச்சா என்று கேட்டது யார்? கத்திரிக்காய் பிடிக்கும் என்று சொன்னது யார், சட்டை நல்லா இருக்கிறது என்றது யார்? தம்பி செத்துப்போனது அப்பா தப்பு இல்லயாம். அய்யோ. அது ஹேமா சொன்னதில்லையா? கேட்கலாம், இதோ பக்கத்திலேயே இருக்கிறாள், ஒரு பை தூரம். கேட்டால் நான் எப்போ சொன்னேன் என்பாள், அதோடு போச்சு, இத்தனை நாள் நான் நின்றுகொண்டிருந்த தரை போச்சு. நாங்கள் கரண்டு பில்லும் கேஸும்தான் கொடுத்து அனுப்பினோம், ஏழு வயசுப் பிள்ளை அதைக் கொண்டுவந்து கொடுக்க மனசில்லாமல் தன் கையிலிருந்து போட்டுக் கொடுத்திருக்கிறது. இந்தப் பக்கம் இருந்ததும் சில்லிப்பு, அந்தப் பக்கம் இருந்ததும் சில்லிப்பு, நான் ஏறுகிறது ஏறுகிறது என்று கோடு போட்டதெல்லாம் அவளுடைய சூடு. லேபில் ஒரு முதல் வருஷப் பையன் இப்படி அளந்துகொண்டு வந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். அப்படிப்பட்டவளிடம் நான் போய், ஒரு வார்த்தை மாத்தாம சொல்லணும் சாமி என்று சொல்லியிருக்கிறேன்.

"ஆமா" என்கிறேன். "நான்தான் வெச்சேன்." என் வாய்தான் சொல்கிறது. ஹேமா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இனி அந்தப் பேர் என்னுடையது, மகளே, நீ கொடுத்ததை நான் வாங்கிக்கொண்டேன், திருப்பித் தர மாட்டேன். பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நடு நாற்காலிக்கு நகர்கிறேன். இரும்பு குளிர்ந்து கிடக்கிறது. ஹேமா தள்ளி உட்காரவில்லை, நெருங்கியும் வரவில்லை. "ஹேமா, அந்த ஞாயித்துக்கெழம. நான் மிதுகிட்ட ஒண்ணு கேட்டு வுட்டேன், என் மேல கோவமான்னு. நீ என்ன சொன்னே?" அவள் மீன் தொட்டியைப் பார்க்கிறாள். "அவகிட்டப் போயி அதச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. அன்னிக்குத் தம்பிக்கு எடுத்து வெச்ச துணி கையில கெடச்சுது, அத வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அவ வந்து கேட்டா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல, எனக்குச் செத்துப் போயிரலாம்னுதான் இருக்குதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லுன்னு சொன்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்குகிறாள். "அவ சொல்லுவா, நீங்க வருவீங்கன்னு இருந்தேன். நீங்க வரல. டிவி சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு."

டிவி சத்தம். ஆமாம், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதன் வாய்க்குள் அது இருந்தது. மாற்றிச் சொல்லலாம் என்றால் அப்பா மாத்தாமச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அப்படியே சொல்லலாம் என்றால் சொன்னால் நிஜமாகிவிடும். வேறு எதையாவது பேச வாயைத் திறந்தால் இது வந்து விழுந்துவிடும். அதனால் மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு காவலுக்குப் போய்விட்டாள். பாத்ரூம் வாசலில், பின்னறை வாசலில், கேட்டில், ஏழு வயசில், ஒரு மாதமாக, தனியாக. எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியுமாம், அதில் நான் கில்லாடியாம். லேபில் ஒரு எலக்ட்ரான் கலைந்துபோனால் பச்சை லேசரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பழைய நிலைக்கு வந்து நிற்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி, அடுத்த அளவுக்குத் தயாராக. இவளை எதை வைத்துத் தட்டுவேன் நான். "இப்பவும் அப்பிடி இருக்குதா ஹேமா?" என்று கேட்கிறேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருக்கிறது. "சில நாளைக்கு இருக்குதுங்க" என்கிறாள். மச்சான் சொன்ன மாதிரி கையைத் தூக்கி அவள் நெற்றியில் வைக்கிறேன். பொது இடம், ரிசப்ஷன் பெண் பார்க்கிறது, பார்க்கட்டும். வியர்த்திருக்கிறது. ஏசி அறையில் வியர்த்திருக்கிறது. எட்டு அடி தள்ளி இருந்த அறையில் இவள் இப்படி இருந்திருக்கிறாள், நான் ஆள் அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கதவு திறக்கிறது. ஒட்டகச்சிவிங்கி உள்பக்கம் மடங்கிப் போகிறது, மிது வந்து நிற்கிறாள். முதலில் கண் ஹேமாவைத் தேடுகிறது, இருக்கிறாள் என்று பார்த்த பிறகுதான் தோள் இறங்குகிறது. பின்னால் வந்த டாக்டர் என்னைப் பார்த்து இல்லை என்பது போல் லேசாகத் தலையாட்டுகிறார், "அடுத்த வாரமும் கூட்டிட்டு வாங்க" என்கிறார். மிது தன் நாற்காலியைப் பார்க்கிறாள், அதில் நான் இருக்கிறேன், எங்கே நிற்பது என்று தெரியாமல் நடு அறையில் நிற்கிறாள். நான் தரையில் முட்டி போட்டு உட்காருகிறேன். "அம்மிணி, இங்க வா சாமி. அன்னிக்கு அம்மா சொன்னத, அம்மாவே அப்பாகிட்டச் சொல்லிட்டாங்க. ஒரு வார்த்தை மாத்தாமச் சொல்லிட்டாங்க. இனி நீ அத வெச்சுட்டு இருக்க வேண்டாம். கதவுகிட்ட உக்காந்துட்டு இருக்க வேண்டாம்." அவள் ஹேமாவைப் பார்க்கிறாள். ஹேமா வாயைப் பொத்திக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறாள். மிதுவின் உதடு பிரிகிறது. முதலில் காற்றுதான் வருகிறது, இருமுகிறாள், டாக்டர் அசையாமல் நிற்கிறார். பிறகு, எனக்கு மறந்துபோய்விட்டதோ என்று பயந்த அந்தக் குரல், தேய்ந்துபோய், மூக்கால் பேசுகிற மாதிரி, "அப்ப அம்மாவ யாரு பாத்துக்குவாங்க?" என்கிறது. பேசிவிட்டாள். என் பிள்ளை பேசிவிட்டாள். அவளை இழுத்து அணைத்துக்கொள்கிறேன், சின்ன உடம்பு, மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. "நான் பாத்துக்கறேன் கண்ணு. அப்பா பாத்துக்கறேன்." அவள் கையை ஊன்றி என்னைத் தள்ளி நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள். கோபமில்லை, அழுகையுமில்லை, கேஸ் தீந்துபோச்சு என்று வந்து சொல்வாளே, அதே முகம்.

"நீங்க என்னையத்தானப்பா போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுவீங்க" என்கிறாள்.